மாத்திரை வீடு சேர்ந்த பின்: நாட்பட்ட நோய்களும் புதுக்கோட்டை அறிவொளி அனுபவமும்

2020இல் தமிழகத்தில் தொற்றா நோய்கள் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்தது. பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் மிச்சமாயின. அறிவுரையைக் கூட்டுவதைவிடத் தடையைக் குறைப்பதே பயன் தரும் என்பது நடத்தையியலின் அடிப்படைக் கருத்து. அவ்வகையில் இது மிகச் சரியான முதல் அடி.

ஆனால் மாத்திரை வீட்டில் இருப்பது வேறு, அதை அன்றாடம் போடுவது வேறு. இந்த வேறுபாட்டை உலகுக்குக் காட்டிய ஊர்களில் சென்னையும் ஒன்று. 1956இல் இங்கு அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களுக்கு இணையாக வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் குணமடைவதை 1959இல் நிறுவியது. ஆய்வாளர்கள் நோயாளியின் சொல்லோடு நின்றுவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறை அந்த அனுபவத்தில் வேர்கொண்டது.

காசநோய்ச் சிகிச்சைக்கு ஒரு முடிவு உண்டு. இரத்தக் கொதிப்புக்கு இல்லை. ஆயுள் முழுக்க ஒருவரைக் கண்காணிக்க முடியாது, அப்படிச் செய்வது முறையும் அன்று. போதாக்குறைக்கு அந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. மாத்திரை போட்டால் உடம்பில் மாற்றம் தெரியாது, விட்டாலும் உடனே தெரியாது. “நல்லாத்தானே இருக்கேன்” என்று நிறுத்துகிறவரை அறியாதவர் என்று ஒதுக்குவது தவறு. அவர் தம் உடம்பு சொல்வதைத்தான் கேட்கிறார்.

கண்காணிப்பும் அறிவுரையும் போதாத இந்த இடத்தில்தான் புதுக்கோட்டை நமக்கு வேண்டியதாகிறது. 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு பெண்களின் சைக்கிள் பயிற்சியை இணைத்தார். சைக்கிளால் பயன் உண்டென்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேலிக்கு அஞ்சாமல் ஏறுவதற்குத் துணைதான் தேவைப்பட்டது. தெருவில், பலர் பார்க்க, கூட்டமாகக் கற்றதால் அந்த அச்சம் தளர்ந்தது. பெண்களுக்கான சைக்கிள்கள் போதாதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். தனி மனத்தின் உறுதியைவிட ஊரின் வழக்கம் மாறியதே அங்கு நடந்த பெரிய செயல் என்பது என் துணிபு.

வாசலில் தரப்படும் மாத்திரையோ, வசதி தருவதோடு நோயைத் தனி வீட்டுக்குள் அடைத்தும் விடுகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களின் மாதக் கூட்டத்தில், விரும்புகிறவர்களுக்கு அங்கேயே பிரஷர் பார்த்து, அளவை எழுதி அவரவர் கையில் கொடுக்கலாம். உடம்பு சொல்லாததை அந்த எண் சொல்லும், தோழியும் விசாரிப்பாள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற திட்டமிடலும் உதவும். ஆனால் எந்த வேளையென்று நோயாளியே சொல்ல வேண்டும். விடியலில் வெறும் வயிற்றோடு நூறு நாள் வேலைக்குப் போகிறவரிடம் “காலைச் சாப்பாட்டுக்குப் பின்” என்பது நடவாத கட்டளை. அவருக்கு வேலைத்தளத்தில் தூக்குச்சட்டியைத் திறக்கும் நேரம் பொருந்தலாம்.

கொடுத்த மாத்திரைகளோடு மிஞ்சிய மாத்திரைகளையும், அவற்றை வீட்டுக்குக் கொண்டுவரும் தன்னார்வலர் குறிக்க வேண்டும். அந்தக் கணக்கு நோயாளியைக் கண்டிப்பதற்கானதாக இருக்கக் கூடாது. மிச்சம் கூடும் வீட்டில் முதலில் கேட்க வேண்டியது வேலை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும்தான்.