நிறுத்தினால் மறையும் மாமா

காப்பாரில் இருக்கும் என் மாமா ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு பழைய காணொளியைப் போடச் சொல்வார். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் நடந்த இண்ட்ராப் பேரணியில் யாரோ கைத்தொலைபேசியில் பிடித்தது. ஓரமாக ஒரு வெள்ளைச் சட்டை ஓடும். "அந்தா, நாந்தான் லா. நிறுத்து." நிறுத்தினால் ஆளைக் காணோம். சதுரம் சதுரமாகச் சிதறிய வெள்ளைதான் இருக்கும். "சரி, ஓடவிடு." ஓடவிட்டால் மறுபடி மாமா வந்துவிடுவார்.

அதே நாளின் பத்திரிகைப் படங்களில் காந்தி படம் ஏந்தியவர்களின் முகங்கள் அவ்வளவு தெளிவு. ஒரே நாள், ஒரே சாலை. ஏன் இந்த வித்தியாசம்?

முதல் காரணம் அளவு. அன்றைய செய்தியாளர் கேமராவின் ஒரு படத்தில் ஏறக்குறைய ஒரு கோடிப் புள்ளிகள். மலிவான கைத்தொலைபேசிக் காணொளியின் ஒரு சட்டகத்தில் 176×144, அதாவது 25,344 புள்ளிகள்தான். அன்றைய யூடியூபே 320×240 அளவில்தான் காட்டியது.

இரண்டாவது நேரம். புகைப்படக்காரர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் காட்சியை உறைய வைக்கலாம். காணொளியிலோ வெளிச்சம் குறைந்தால் ஒரு சட்டகம் முப்பதில் ஒரு பங்கு நொடி வரை திறந்திருக்கும். நொடிக்கு 3 மீட்டர் ஓடுகிறவர் அதற்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். முகம் கோடாக இழுபடாமல் என்ன செய்யும்?

மூன்றாவது சிக்கனம். இது பழைய கதை. 1936-இல் லண்டனில் வந்த 405 கோட்டுத் தொலைக்காட்சியே ஒற்றைக் கோடுகளை ஒருமுறை, இரட்டைக் கோடுகளை மறுமுறை என்று பாதிப்பாதியாகத்தான் அனுப்பியது. 1963 டிசம்பர் 28 அன்று மலேசியாவுக்கு வந்த 625 கோட்டுத் தொலைக்காட்சியிலும் அதே ஏற்பாடுதான். டிஜிட்டல் காணொளி இன்னும் கெட்டி. முந்தைய சட்டகத்தில் இருந்ததை மறுபடி எழுதாது. மாறியதை மட்டும் எழுதும். செய்தி வாசிப்பவர் என்றால் உதடும் இமையும்தான் மாறும், மிச்சம் பிடிக்கலாம். ஆனால் புகையும் தண்ணீரும் சிதறி ஓடும் கூட்டமும்? எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் மாறுகிறது. ஒதுக்கிய இடம் போதாமல் படம் கட்டங்களாக உடைகிறது. காவல்துறை கண்ணீர்ப்புகை வீசி, தண்ணீர் பீய்ச்சிய அந்த நிமிடங்கள்தான் இந்தச் சிக்கனத்துக்கு ஆகக் கடினமானவை. எதை முக்கியமாகப் பார்க்க வேண்டுமோ, அதுவே அதிகம் மங்கிப் போயிருக்கிறது.

அப்படியிருந்தும் ஓடும்போது மாமா எப்படித் தெரிகிறார்? 1973-இல் சுவீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் மனிதர்களின் மூட்டுகளில் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி இருட்டில் நடக்கவிட்டார். அசையாதபோது வெறும் புள்ளிகள். நடந்ததும் பார்த்தவர்கள் "மனிதர்" என்றார்கள். பின்வந்த ஆய்வுகளில் நண்பர்களை நடையை வைத்தே அடையாளம் கண்டவர்களும் உண்டு. கண் ஒரு சட்டகத்தைப் படிப்பதில்லை. பல சட்டகங்களைச் சேர்த்துப் படிக்கிறது. அத்தை அந்தக் காணொளியை முதல்முறை பார்த்தபோது சொன்னதும் அதுதான்: "மொகமா தெரியிது? அந்த நட ஒங்க மாமாதான்."

போன வருடம் ஒரு செயலியில் போட்டு அந்த முகத்தைக் கூர்மையாக்கிப் பார்த்தேன். மூக்கு, மீசை, கண் எல்லாம் வந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "யார்டா இவன்?" இல்லாத தகவலை அந்தச் செயலி தேடி எடுக்கவில்லை, தானாக ஊகித்து நிரப்பியிருந்தது.

நம் வரலாற்றை எழுதுகிறவர்கள் தெளிவான படங்களையே தேர்ந்தெடுக்கிறோம். அவற்றில் இருப்பவர்கள் கேமராவுக்கு அருகில் நின்றவர்கள். காப்பாரிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் போய்ப் பின்வரிசையில் நின்றவர்கள் பலர் இந்த மங்கல் காணொளிகளில் மட்டும்தான் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இன்னும் சுருங்கி, இன்னும் மங்கிவிடலாம். பழைய கைத்தொலைபேசியின் மூலக் கோப்பு யாரிடமாவது இருந்தால் அப்படியே பத்திரப்படுத்துங்கள். நடையை அடையாளம் காணக்கூடியவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டி, பெயர்களை எழுதி வையுங்கள். அத்தை இப்போது இல்லை. அவர் சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன்: 14-ஆவது நொடி, இடது ஓரம், வெள்ளைச் சட்டை.