செட்டை முளைத்த கார்கள்

கலையின் வரலாற்றைச் சமுதாயத்தின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்கலாகாது என்பது நம்மிற் பலர் ஒப்புக்கொண்ட கருத்து. ஆயினும், கவிதைக்கும் சிற்பத்துக்கும் நாம் பொருத்திப் பார்க்கும் இவ்வளவுகோலைத் தொழிற்சாலைப் பண்டங்களின் வடிவத்துக்கு அத்துணை எளிதிற் பொருத்துவதில்லை. இரண்டாம் உலகப் போரை அடுத்த இருபதாண்டுகளில் அமெரிக்காவில் வெளிவந்த மோட்டார்க் கார்கள் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. மின்னும் குரோமியப் பூச்சும், இரட்டை வர்ணமும், பின்புறத்தில் மீனின் செட்டைபோல் உயர்ந்து நிற்கும் தகடுகளும் கொண்ட அக்கார்களை அமெரிக்க மக்களின் ரசனைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அந்த ரசனை எவ்வாறு உருவாயிற்று? அதற்கு விலை கொடுத்தவர் யாவர்? இவையே நாம் எழுப்ப வேண்டிய வினாக்கள்.

1908 இல் ஹென்றி ஃபோர்ட் வெளியிட்ட ‘டீ’ மாதிரிக் கார் பத்தொன்பது ஆண்டுகள் அடிப்படையில் மாறாமலே விற்கப்பட்டது. 1913 இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில், வேலையாள் நின்ற இடத்துக்கு வண்டியே நகர்ந்துவரும் உற்பத்தி முறை அமைந்தது. தொடக்கத்தில் 850 டொலராக இருந்த விலை, 1920களின் நடுவில் 300 டொலருக்கும் கீழே இறங்கியது. ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டன. ஆனால் இவ்வெற்றியினுள்ளேயே ஒரு முரண்பாடு வளர்ந்தது. வாங்க வல்லோருட் பெரும்பாலோர் வாங்கிவிட்டனர். வாங்கிய வண்டியோ ஆண்டுகள் பல உழைத்தது. பழைய கார் ஓடிக்கொண்டிருக்கையில் புதியதை யாருக்கு விற்பது?

1923 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் தலைவரான அல்பிரட் ஸ்லோன் இதற்கு விடை கண்டார். அடியிற் செவ்ரொலே, உச்சியிற் கடிலாக் என விலைப்படி வகுத்த ஓர் ஏணியைக் கம்பனி அமைத்தது. ஆண்டுதோறும் புதிய தோற்றம் என்பதை வழக்கமாக்கியது. தவணைக் கடனையும் பரப்பியது. 1927 இல், ஹொலிவூட் நடிகர்களுக்கு அலங்காரக் கார்கள் அமைத்துவந்த ஹார்லி ஏர்லை அழைத்து, வடிவமைப்புக்கென ஒரு தனிப் பிரிவையே நிறுவியது. ‘டீ’ மாதிரியின் உற்பத்தி நின்றதும் அதே ஆண்டில்தான். பி-38 போர் விமானத்தின் வாலைக் கண்ட ஏர்லின் குழு, 1948 ஆம் ஆண்டின் கடிலாக்கிற்கு முதற் செட்டையைப் பொருத்தியது. 1959 இல் அது உச்ச உயரத்தை எட்டியது. இயந்திரம் தேயுமுன்பே உரிமையாளனின் மனத்தில் வண்டியைத் தேயச் செய்வதுதான் அதன் பணி. அயலவன் வாசலிற் புதுச் செட்டை நிற்கக் கண்டவன், தன் வண்டியை எண்ணி நாணவேண்டும். அந்நாணமே சந்தை.

இவ்வாண்டு மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. காரின் உடற்றகட்டை அழுத்தி வடிக்கும் உருக்கு அச்சுகளைச் செய்யப் பெருந்தொகை வேண்டும். ஒரு லட்சம் கார்கள் விற்பவனுக்கும் பத்து லட்சம் விற்பவனுக்கும் அச்சின் செலவு ஏறத்தாழ ஒன்றே. பெருங்கம்பனி அதனைப் பத்து லட்சம் வண்டிகள்மேற் பகிர்ந்துவிடும். சிறு கம்பனி அதன் கீழ் நசுங்கும். 1954 இல் நாஷும் ஹட்சனும் இணைந்தன; அதே ஆண்டிற் பக்கார்டும் ஸ்டூடபேக்கரும் இணைந்தன. 1958 இற் பக்கார்ட் என்ற பெயரே மறைந்தது. மறுபுறம், 1955 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் ஓராண்டில் நூறு கோடி டொலருக்கு மேல் நிகர இலாபம் ஈட்டிய முதல் அமெரிக்கக் கம்பனியாயிற்று. ஃபிஷர், கிரிலிக்கஸ், கெய்சன் என்னும் பொருளியலாளர் மூவர் 1962 இல் இதனைக் கணக்கிட்டனர். 1949 ஆம் ஆண்டின் அளவிலும் ஆற்றலிலும் கார்கள் நின்றிருப்பின், 1956 முதல் 1960 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டொலர் மிஞ்சியிருக்கும் என்பது அவர்கள் முடிபு. வாங்கும் விலையில் மட்டும் காலிற் பங்குக்கு மேல் இம்மாற்றங்களுக்கே சென்றது.

இத்தகைய செலவைத் தொழிலாளர் கேள்விக்குட்படுத்தவில்லையா? உட்படுத்தினர். 1945 நவெம்பரில் வால்ட்டர் ரூதரின் தலைமையில் ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலியை நூற்றுக்கு முப்பது வீதம் உயர்த்துக. ஆனால் காரின் விலையை உயர்த்தாதே. முடியாதெனில் கணக்கேடுகளைத் திறந்துகாட்டு என்பது அவர்களது கோரிக்கை. கூலிப் போராட்டம் பொதுமக்களின் போராட்டமாக விரிந்த தருணம் அது. கூலியைப் பற்றிப் பேசக் கம்பனி இசைந்தது. விலை தன் தனியுரிமை என்பதில் அசையவில்லை. 113 நாட்களின் பின் மணிக்கு பதினெட்டரைச் சதம் உயர்வோடு போராட்டம் முடிந்தது, ஏடுகள் திறக்கப்படவில்லை. 1949 இற் சிறிய, மலிவான கார் வேண்டுமெனச் சங்கத்தின் வெளியீடொன்று வாதித்தது, அதுவும் செவியேறவில்லை. 1950 இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஓய்வூதியமும், விலைவாசிக்கேற்ற கூலியுயர்வும் கிடைத்தன. இவை அற்பமானவை என நாம் கூறமாட்டோம். ஆனால் எதைச் செய்வது, என்ன விலைக்கு விற்பது என்ற வினா மேசையிலிருந்து அகன்றது.

அவ்வினா அகன்றதன் விலையை சவுத் பெண்ட் நகரத்தில் ஸ்டூடபேக்கர் தொழிலாளர் கொடுத்தனர். 1963 டிசெம்பரில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. ஓய்வூதிய நிதியிற் போதிய பணமில்லை. அறுபது வயதைக் கடந்தோர் முழுத்தொகை பெற்றனர். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நாலாயிரம் பேர் தமக்கு உரியதில் நூற்றுக்குப் பதினைந்து வீதம் மட்டும் பெற்றனர். அவரினும் இளையோர்க்கு ஒன்றுமில்லை. வரைபலகையில் ஆண்டுதோறும் மாறிய கோட்டின் மறுமுனை இவர்களது அடுப்பங்கரையிற் போய் முடிந்தது. ஓய்வூதியத்தைக் காக்கும் சட்டம் வர 1974 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அக்கார்களுட் பல இன்றும் கியூபாவில் ஓடுகின்றன. 1960 இல் தொடங்கி 1962 இல் முழுமையாக்கப்பட்ட அமெரிக்க வர்த்தகத் தடையின் பின் அந்நாட்டுக்குப் புதிய அமெரிக்கக் கார் வரவில்லை; உதிரிப் பாகமும் வரவில்லை. கியூபத் தொழிலாளர் சோவியத் இயந்திரங்களைப் பொருத்தியும், பாகங்களைத் தம் கையாலே செய்தும், அறுபதாண்டுகளுக்கு மேலாக அவற்றை ஓட்டி வருகின்றனர். தட்டுப்பாட்டை இலட்சியமாக்குவது நம் நோக்கமன்று. அதனால் அம்மக்கள் பட்ட துன்பம் பெரிது. ஆயினும், மூன்றாண்டில் நாணத்தக்கதாகிவிட வேண்டுமென்று வடிக்கப்பட்ட அதே பொருள், உழைப்பாளியின் கையில் இத்தனை காலம் நின்றிருக்கிறது. அதனைப் பழையதாக்கியது காலமன்று, இலாபமே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா? ஒரு பண்டத்தின் அழகை மாணவர்க்கு விளக்கும்போது, அவ்வழகைத் தீர்மானித்தவர் யார், தீர்மானிக்கும் உரிமை மறுக்கப்பட்டவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்கக் கற்பிப்போமாக.