ரயில் பாதையும் கெடுவும்: பாம்பன் முதல் டெல்லி வரை

இந்தியாவில் பெரிய கட்டுமானத் திட்டங்களை நடத்தும் முறை 1990களில் மாறத் தொடங்கியது. அதுவரை புதிய ரயில் பாதை போடும் பொறுப்பு பெரும்பாலும் ரயில்வே துறையின் கட்டுமானப் பிரிவுகளிடமே இருந்தது. பணம் ஆண்டுதோறும் ரயில்வே பட்ஜெட்டில் ஒதுக்கப்படும். ஒதுக்கீடு எவ்வளவோ, அந்த ஆண்டு வேலையும் அவ்வளவே. டெண்டரை ஏற்கவும், வரைபடத்தை மாற்றவும், கூடுதல் செலவு செய்யவும் கோப்பு பல மேசைகளைக் கடந்து வர வேண்டும். வேலை முடிவதற்குள் பொறுப்பில் இருந்தவர்கள் இடமாற்றலாகிப் போய்விடுவார்கள். தாமதத்துக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இதே துறை அவசர காலத்தில் வேறு விதமாக இயங்கியது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியை அழித்த புயல், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126இன் கர்டர்களைக் கடலுக்குள் தள்ளியது. சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. களப்பொறுப்பு 32 வயதுப் பொறியாளரான இ. ஸ்ரீதரனிடம் தரப்பட்டது. மூழ்கிய கர்டர்கள் கிடந்த இடத்தை மீனவர்கள் வழியாக அறிந்து, அவற்றையே மீட்டெடுத்து மீண்டும் பொருத்தியதால் பாலம் 46 நாட்களில் தயாரானது. வேலை ஒன்று, பொறுப்பாளர் ஒருவர், களத்திலேயே முடிவு என்ற ஏற்பாடு அந்த அவசரத்தில் தானாக அமைந்தது. புயல் ஓய்ந்ததும் ஏற்பாடும் கலைந்தது.

அடுத்த பெரிய சோதனை கொல்கத்தா மெட்ரோ. நாட்டின் முதல் சுரங்க ரயிலான இதன் திட்டமிடல் பணியில் 1970களின் முற்பாதியில் ஸ்ரீதரனும் இருந்தார். தம்தம் – டாலிகஞ்ச் இடையிலான 16.45 கி.மீ. பாதைக்கு 1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். சாலையைத் தோண்டித் திறந்துவிட்டுச் சுரங்கம் கட்டி மூடும் முறையே பெரும்பகுதியில் கையாளப்பட்டது. தோண்டிய இடமெல்லாம் குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி. அவற்றை இடம் மாற்றுவதே பெரும் வேலையாயிற்று. நிதிப் பற்றாக்குறை, நீதிமன்றத் தடைகள், பொருட்கள் ஒழுங்காக வந்து சேராமை என்று அடுத்தடுத்து முட்டுக்கட்டைகள் விழுந்தன. எஸ்பிளனேடு – பவானிபூர் இடையே முதல் 3.4 கி.மீ. 1984 அக்டோபர் 24 அன்றுதான் திறக்கப்பட்டது. முழுப் பாதையும் ஓட 1995 ஆயிற்று. அடிக்கல்லுக்கும் கடைசி நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 23 ஆண்டுகள்.

மாற்றம் கொங்கண் ரயில்வேயில் வந்தது. மகாராஷ்டிரத்தின் ரோஹாவிலிருந்து மங்களூரு அருகே தோக்கூர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் 741 கி.மீ. பாதை, வழியில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், ஏறத்தாழ 2,000 பாலங்கள். பட்ஜெட் ஒதுக்கீட்டை நம்பினால் பல பத்தாண்டுகள் பிடிக்கும் என்பதால், ஜார்ஜ் பெர்னாண்டஸ் ரயில்வே அமைச்சராக இருந்தபோது 1990 ஜூலையில் தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. மூலதனத்தில் 51 சதவீதம் ரயில்வேயுடையது. மீதியை மகாராஷ்டிரம், கர்நாடகம், கோவா, கேரளம் ஆகிய மாநிலங்கள் பகிர்ந்துகொண்டன. பெருமளவு பணம் கடன் பத்திரங்கள் மூலம் திரட்டப்பட்டது. ரயில்வேயில் ஓய்வுபெற்றிருந்த ஸ்ரீதரன் தலைவரானார்.

பாதை ஏழு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ 100 கி.மீ.க்கு ஒரு தலைமைப் பொறியாளர் என்று பொறுப்பு பிரித்துத் தரப்பட்டது. முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களிடமே விடப்பட்டது. அலுவலகங்களில் மீதமிருக்கும் நாட்களைக் கழித்துக் காட்டும் கடிகாரங்கள் வைக்கப்பட்டன. ஒப்பந்தக்காரரின் பில் தேங்கினால் வேலையும் தேங்கும் என்பதால், பணம் விரைவாகத் தருவதும் விதியாயிற்று. ஆனாலும் ஐந்தாண்டுக் கெடு தப்பியது. கோவாவில் பாதை செல்லும் வழியை எதிர்த்துப் போராட்டம் எழுந்து வேலை தடைபட்டது. பெர்னம் சுரங்கத்தில் இளகிய மண் மீண்டும் மீண்டும் சரிந்தது. 1998 ஜனவரி 26 அன்று முழுப் பாதையும் திறக்கப்பட்டது. வட்டியுடன் சேர்ந்த கடன் சுமை நிறுவனத்தை நெடுங்காலம் அழுத்தியது.

இந்த அனுபவம் நேராக டெல்லிக்குப் போனது. மத்திய அரசும் டெல்லி அரசும் சம பங்குடன் 1995இல் டெல்லி மெட்ரோ ரயில் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தன; 1997 நவம்பரில் ஸ்ரீதரன் அதன் நிர்வாக இயக்குநரானார். செலவில் பெரும்பகுதிக்கு ஜப்பானியக் கடன் கிடைத்ததால், பணம் ஆண்டு ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கவில்லை. டெண்டர் முடிவு நிறுவனத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டது. பன்னாட்டு ஆலோசகர் குழுவுடன் இந்தியப் பொறியாளர்களை இணைத்து அமர்த்தியதால் தொழில்நுட்பமும் கைமாறியது. தோண்டுவதற்கு முன்பே குழாய்களும் கம்பிகளும் இடம் மாற்றப்பட்டன, வேலையிடத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பப்பட்டது, தலைக்கவசம் கட்டாயமானது. 1998 அக்டோபரில் தொடங்கிய கட்டுமானத்தில் ஷாதரா – தீஸ் ஹஸாரி பகுதி 2002 டிசம்பரில் திறக்கப்பட்டது. 65 கி.மீ. கொண்ட முதல் கட்டம் சுமார் 10,571 கோடி ரூபாய் செலவில் 2005 டிசம்பரில் நிறைவடைந்தது. பத்தாண்டுக் கெடுவில் இரண்டு ஆண்டு ஒன்பது மாதம் மிச்சம்.

வேகத்துக்கு விலையும் இருந்தது. 2009 ஜூலை 12 அன்று தெற்கு டெல்லியின் ஜம்ருத்பூரில் கட்டுமானத்தில் இருந்த பாலம் சரிந்து உயிர்கள் பலியாயின. ஸ்ரீதரன் பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அரசு அதை ஏற்கவில்லை. தலைவர் தாமே பொறுப்பேற்றது பழைய முறையில் அரிதான ஒன்று.

டெல்லியின் நிறுவன வடிவம் பின்னர் பல நகரங்களுக்கு மாதிரியானது. சென்னை மெட்ரோ நிறுவனம் 2007 டிசம்பரில் மாநில அரசால் உருவாக்கப்பட்டு, பின்னர் மத்திய, மாநில அரசுகளின் சம பங்கு நிறுவனமாயிற்று. ஜப்பானியக் கடனும் கிடைத்தது. 2009இல் தொடங்கிய வேலையில் கோயம்பேடு – ஆலந்தூர் பகுதி 2015 ஜூன் 29 அன்று திறக்கப்பட்டது. பாதிக்கு மேல் சுரங்கமாக அமைந்த 45 கி.மீ. முதல் கட்டம் 2019 பிப்ரவரியில் முழுமையடைந்தது. டெல்லி ஏழு ஆண்டில் 65 கி.மீ. கட்டியது, அதே வடிவ நிறுவனம் சென்னையில் 45 கி.மீ.க்கு ஏறக்குறைய பத்தாண்டு எடுத்தது. தனி நிறுவனமும் கைநிறையக் கடனும் வேலையைத் தொடங்கி வைக்கப் போதும். எத்தனை ஆண்டில் முடியும் என்பதை மண்ணின் தன்மையும், ஒப்பந்தக்காரரின் திறனும், களத்தில் அன்றன்று எடுக்கப்படும் முடிவுகளும்தான் தீர்மானிக்கின்றன.