போகித் துப்புரவும் சிறுவர்களும்

போகித் துப்புரவு என்பது தைப்பொங்கலுக்கு முன்னர், மார்கழி மாதத்தின் இறுதி நாட்களில், தமிழ்நாட்டு வீடுகளில் மேற்கொள்ளப்படும் ஆண்டுத் துப்புரவுப் பணி ஆகும். மார்கழியின் கடைசி நாளான போகியன்று (பெரும்பாலும் சனவரி 13 அல்லது 14) இது நிறைவு பெறுகிறது. வீட்டிலுள்ள எல்லா வயதினரும் இதில் ஈடுபடுவர். எனினும் சிறுவர்களின் நினைவில் நிற்பது விடியற்காலையில் மூட்டப்படும் தீயும் அப்போது அடிக்கப்படும் மேளமுமே ஆகும். அதற்கு முந்தைய பல நாள் வேலையில் அவர்களுக்குள்ள பங்கு குறைவாகவே பேசப்படுகிறது.

பெயர்

பழையவற்றைப் போக்குவதால் 'போக்கி' என்றிருந்து 'போகி' ஆயிற்று என்பது மக்கள் வழக்கில் உள்ள விளக்கம். போகி என்பது இந்திரனைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்று என்பது மற்றொரு விளக்கம். பழையன கழிவது பற்றி இந்நாளில் தவறாமல் எடுத்தாளப்படும் தொடர் பவணந்தி முனிவரின் நன்னூலில் வருவதாகும். அது வீட்டுப் பொருட்களைப் பற்றியதன்று. காலப்போக்கில் மொழி வழக்குகள் மாறுவதைப் பற்றியது.

சிறுவர்கள் செய்யும் வேலைகள்

சுவருக்கு வெள்ளையடித்தல், ஒட்டடை அடித்தல், பரணில் உள்ளவற்றை இறக்கித் துடைத்தல், பாத்திரங்களைத் துலக்குதல், துணிகளையும் பாய்களையும் வெயிலில் உலர்த்துதல் ஆகியன முதன்மையான வேலைகள். பித்தளைப் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் வேலை நெடுங்காலமாகச் சிறுவர்களிடம் விடப்பட்டு வந்தது. கறுத்த செம்பு கண்ணெதிரே பளபளப்பதால் அவர்கள் சலிப்பின்றிச் செய்யும் வேலை இது. புளியிலுள்ள அமிலம் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைப்பதே இதற்குக் காரணம். கொங்கு நாட்டில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றை வீட்டுக் கூரையிலும் தோட்டத்திலும் செருகும் 'காப்புக் கட்டு' நிகழ்கிறது. இப்பூக்களைப் பறித்து வருவதில் சிறுவர்கள் முன்நிற்பர்.

சில வேலைகள் சிறுவர்களுக்கு உகந்தவை அல்ல. சுண்ணாம்புக் கல்லை நீரிலிட்டுத் தாளிக்கும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். விறகு அடுக்கிலும் பரணிலும் தேள் இருக்கக் கூடும். குளியலறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வளி வெளிப்படும். பெரியவர்களும் இதைச் செய்தல் கூடாது.

தரம் பிரித்தல்

எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது, எதைக் கழிப்பது என்று பிரிப்பதே இத்துப்புரவின் கடினமான பகுதி. சிறியதாகிப் போன சட்டை, முடிந்த வகுப்பின் பாடநூல், சக்கரம் கழன்ற பொம்மை வண்டி ஆகியவற்றைக் குழந்தையைக் கேளாமலே பெரியவர்கள் கழித்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். குழந்தை அழுதால் அது பிடிவாதமாகக் கொள்ளப்படுகிறது. தன் பொருளைத் தானே பிரிக்க விடப்படும் குழந்தை கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் தானாகவே தம்பிக்கோ அண்டை வீட்டாருக்கோ கொடுக்கவும் முன்வரும். கொடுத்ததைத் திரும்பப் பெற இயலும், எரித்ததைப் பெற இயலாது. பழைய ஏட்டுச் சுவடிகள் ஆற்றிலும் தீயிலும் இடப்பட்டதை உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் பதிவு செய்துள்ளார். அவை போகியன்று நிகழ்ந்தவை அல்ல. ஆயினும் பயனற்றது என்று ஒருவர் முடிவு செய்வதன் விளைவை அவை காட்டுகின்றன.

தீயும் புகையும்

சென்னையிலும் வட மாவட்டங்களிலும் மண் வளையத்தில் தோல் போர்த்திய சிறு மேளங்கள் போகிக்கு முன் தெருவோரங்களில் விற்கப்படுகின்றன. சிறுவர்கள் இருள் பிரியுமுன் எழுந்து இவற்றை அடித்துக்கொண்டு தீயைச் சூழ்ந்து நிற்பர். முற்காலத்தில் எரிக்கப்பட்டவை கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், பழைய கூரை ஓலை போன்றவை. இவற்றின் புகையும் தீங்கற்றதன்று. பின்னர் உருளிப்பட்டைகளும் (டயர்) நெகிழிப் பொருட்களும் தீயில் சேர்ந்தன. உருளிப்பட்டை எரிகையில் கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, நுண்கரி முதலியனவும், பி.வி.சி. எரிகையில் ஐதரசன் குளோரைடும் டையாக்சின்களும் வெளிப்படுகின்றன.

சனவரி மாத விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலுள்ள காற்று வெப்பமாகவும் இருப்பதால் புகை மேலெழாமல் தேங்குகிறது. 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானப் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் பெரியவர்களைவிட மிகுதியான காற்றைச் சுவாசிக்கின்றனர். தீக்கு மிக அருகில் நிற்பவர்களும் அவர்களே. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் இது குறித்து அறிவுறுத்தி வருகிறது. மேளம் அடிப்பதற்குத் தீ தேவையில்லை என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

பிற பண்பாடுகளில்

ஈரானில் நவ்ரூசு புத்தாண்டுக்கு முன் வீடு முழுவதையும் தூய்மை செய்யும் 'கானே தெக்கானி' உள்ளது. சப்பானில் 'ஓசோசி' ஆண்டிறுதியில் நிகழ்கிறது. அங்கு பள்ளி வகுப்பறைகளை மாணவர்களே நாள்தோறும் கூட்டித் துடைப்பதால் இது அவர்களுக்குப் புதிதன்று. யூதர்கள் பாசுகா விழாவுக்கு முன் புளித்த மாவுப் பொருட்களை வீட்டிலிருந்து முற்றாக நீக்குவர். முந்தைய இரவில் பத்து ரொட்டித் துண்டுகளை ஆங்காங்கே வைத்துவிட்டு, மெழுகுவர்த்தி ஒளியில் குழந்தைகளுடன் தேடி, இறகால் மரக்கரண்டியில் தள்ளிச் சேர்ப்பது பல குடும்பங்களில் வழக்கம். கிடைத்தவை மறுநாள் காலையில் எரிக்கப்படுகின்றன.