மன்றிலிருந்து விடுதி வரை

‘மன்று’, ‘மன்றம்’, ‘பொதியில்’ என்பன தமிழில் மிகப் பழைமையான சொற்கள். மரநிழலில் ஊரார் கூடவும், வழக்குத் தீர்க்கவும், வழிப்போக்கர் தங்கவும் இடமளித்த பொதுவெளியை அவை குறித்தன. இலக்கிய அமைப்புகள் தம் பெயரோடு ‘மன்றம்’ எனச் சேர்த்துக்கொள்ளும் இந்நாளில், அச்சொல்லுக்கு அடியில் ஒரு துண்டு நிலம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் பொதுநிலமும் குடியிருப்பும் எவ்வாறு உறவுகொண்டன என்பதைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. குடவோலை முறைக்காகப் போற்றப்படும் அவற்றில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்னும் குழுக்களும் குறிக்கப்பெறுகின்றன. ஏரியும் தோட்டமும் பொது. அவற்றைக் காப்பதற்கு ஆண்டுதோறும் உறுப்பினரைத் தெரிந்தெடுத்தனர். ஆயினும் அப்பெருமைக்கு ஓர் எல்லை உண்டு. அது பிரமதேயச் சபை. இறைசெலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைக்கல்வியும் உடையவரே தெரிவுக்கு உரியர். மனையில்லாதவர்க்கு அப்பொதுவில் குரல் இல்லை.

ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்நிலை பெரிதும் மாறவில்லை. திருப்பெரும்புதூர் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராகப் பணியாற்றிய திரெமென்ஹீர், 1891இல் அரசுக்கு ஒரு குறிப்பு அளித்தார். சேரி மக்கள் தாம் குடியிருந்த மனைக்குக்கூட உரிமையற்றவராய், நிலவுடைமையாளரின் தயவில் வாழ்ந்த நிலையை அது எடுத்துரைத்தது. வேலையை மறுத்தால் குடிசையையும் இழக்க நேரும் என்பதே அக்கட்டமைப்பின் உட்பொருள். இதன் பயனாக 1892ஆம் ஆண்டு ஆணையின்வழி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அரசு நிலம் வழங்கப்பெற்றது. பின்னாளில் ‘பஞ்சமி நிலம்’ என வழங்கியது இதுவே. பிறர்க்கு விற்றலாகாது என்னும் கட்டுப்பாடு இருந்தும் அதில் பெரும்பங்கு கைமாறிப்போனது வரலாற்றின் வருத்தத்திற்குரிய பகுதி.

விடுதலைக்குப் பின் பொதுநிலத்திற்குப் புதியதொரு பொருள் வந்தது. 1971இல் அமைந்த சிப்காட் நிறுவனம் நிலத்தைத் திரட்டித் தொழில் மனைகளாக வகுத்தளித்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் மகிழுந்துகள் உருவாகத் தொடங்கின. நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பெற்றது. ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பெற்றது. வரைபடங்களில் ஆலைக்கு மனை இருந்தது. சரக்குந்துக்குச் சாலை இருந்தது. உழைப்பவர் உறங்குமிடமோ நெடுங்காலம் வாடகை வீடுகளுக்கும் தனியார் விடுதிகளுக்கும் விடப்பட்டது. அதன் விளைவு 2021 டிசம்பரில் வெளிப்பட்டது. விடுதி உணவால் நோயுற்ற தோழியர்க்காக, மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். கூடுவதற்கு மன்று இல்லாத ஊரில் நெடுஞ்சாலையே மன்றாயிற்று.

2024 ஆகஸ்டு 17 அன்று வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில், பாக்ஸ்கான் ஆலையின் மகளிர்க்கான குடியிருப்பை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 20 ஏக்கரில், 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 13 கட்டடங்கள் எழுந்தன, ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு அறுவர், ஆக 18,720 பேர். பொதுநிலத்தில் உழைப்பவர்க்கு இத்துணைப் பெரிய உறையுள் எழுந்தது பாராட்டுக்குரியது. வாடகை விடுதிகளில் இடருற்ற பெண்களுக்கு இது சிறிய ஆறுதல் அன்று.

எனினும் ஓர் ஒப்புமை நெஞ்சை உறுத்துகிறது. சென்னையின் நடுவே, முன்னர் உணவகம் இயங்கிய அரசு நிலத்தில், 2010இல் செம்மொழிப் பூங்கா அமைந்தது. அதன் பரப்பும் ஏறத்தாழ 20 ஏக்கரே. அங்கே அந்நிலம் எவரும் உலவும் பூங்காவாயிற்று; இங்கே பதினெண்ணாயிரவர்க்கும் மேற்பட்டோர் உறங்கும் இடமாயிற்று. இரண்டும் தேவையே. ஆனால் உறையுள் மட்டும் ஊராகிவிடாது. மேலும், இது ஆலைப் பணியாளர்க்குரிய விடுதி ஆதலின், பணி நீங்கின் கட்டிலும் நீங்கும். மனையையும் வேலையையும் ஒரே முடிச்சில் கட்டும் வழக்கம் குறித்து 1891இல் எழுந்த வினா இன்னும் முழுமையாக விடைபெறவில்லை.

எனவே, இனி வகுக்கப்பெறும் ஒவ்வொரு தொழில் வளாகத்திலும் ஆலைக்கு ஒதுக்குவது போலவே, குடும்பத்தோடு வாழத்தக்க வீட்டிற்கும், நூலகத்திற்கும், மாலையில் கூடும் திடலுக்கும் நிலம் ஒதுக்குதல் வேண்டும். கோயம்பேட்டையும் மெரினாவையும் தேடிச் செல்லாமல், பணி முடிந்த பெண்ணொருத்தி தன் கவிதையைத் தோழியர்க்குப் படித்துக்காட்ட ஒரு மரநிழல் இவ்வட்டாரத்திலேயே இருத்தல் வேண்டும். மன்று என்னும் சொல்லை இத்துணைக் காலம் காத்தவர்கள் புலவர்கள். அச்சொல்லுக்குரிய நிலத்தைக் கேட்கும் கடமையும் அவர்களுக்கு உண்டு.