ஊர்ப்பெயரும் கடற்படிவும்: அரியலூர்ப் பாறைகளின் ஆய்வு வரலாறு

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் சுண்ணாம்புப் பாறைகள் பழங்கடல் விட்டுச்சென்ற படிவுகளாகும். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்துள் புகுந்த கடல் பலமுறை ஏறியும் இறங்கியும் இவற்றை உருவாக்கிற்று. காரை அருகில் நீர் அரித்த செம்மண் ஓடைகளில் அம்மோனைட் சுருள்களையும், கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் சிப்பிகள் செறிந்த அடுக்குகளையும் நேரில் காணலாம். வைணவர் போற்றும் சாளக்கிராமத்தின் சுருளும் அம்மோனைட்டின் படிவமே.

1840களின் தொடக்கத்தில் சி. டி. கே, கன்லிஃப் ஆகியோர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய படிவங்கள் இலண்டன் சென்றன. அவற்றை ஆராய்ந்த எட்வர்டு ஃபோர்ப்சு 1846இல் வெளியிட்ட விளக்கத்தில் அம்மோனைட் இனங்கள் பலவற்றுக்கு இந்திரன், வருணன், சூரியன், பிரம்மா, விட்டுணு எனத் தெய்வப் பெயர்களையே இட்டார். இந்நிலத்தைக் காணாத அவருக்கு இந்தியா என்றதும் நினைவுக்கு வந்தவை புராணப் பெயர்களே போலும்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு வேறு வழியில் சென்றார். வயலும் ஓடையுமாக நடந்து அளந்த அவர், 1862இல் வெளிவந்த தம் அறிக்கையில் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். அவ்வடிப்படையில் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா கல்கத்தாவிலிருந்து 1873 வரை வெளியிட்ட பெருந்தொகுதிகள் இன்றும் மேற்கோளாகின்றன. இவ்வாறு உயிரினங்கள் வடமொழித் தெய்வப் பெயர்களையும், அவை கிடந்த அடுக்குகள் தமிழ் ஊர்ப்பெயர்களையும் பெற்றன. பின்னாளில் காரை, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோயில், கல்லமேடு ஆகியனவும் அடுக்குகளின் பெயர்களாயின. ஆங்கில எழுத்து வழியே சென்றதால் ஊட்டத்தூர் 'உடாட்டூர்' என்றாயிற்று. தமிழில் எழுதும் நிலவியலாரும் அச்சிதைந்த வடிவையே திரும்பப் பெயர்ப்பது வருந்தத்தக்கது. கல்லக்குடி, கல்லங்குறிச்சி, கல்லமேடு என்னும் பெயர்களில் 'கல்' இருப்பது கண்டு பாறைக்கும் பெயருக்கும் தொடர்பு கூறத் தோன்றும். கல்வெட்டுச் சான்று காட்டாமல் அவ்வாறு முடிவு செய்தல் ஏற்புடையதன்று.

கல்லக்குடியின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. சிமெண்டு ஆலையால் டால்மியாபுரம் எனப்பட்ட அத்தொடர்வண்டி நிலையத்தின் பெயரை மாற்றக் கோரி 1953இல் போராட்டம் நிகழ்ந்தது. நிலையம் பின்னர்க் கல்லக்குடி பழங்காநத்தம் எனப் பெயர் பெற்றது. நிலவியல் நூல்களிலோ அவ்விடத்துப் பவளச் சுண்ணாம்புப் பாறை இன்றும் 'டால்மியாபுரம் அடுக்கு' என்றே வழங்குகிறது. அறிவியலில் முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பதால் அரசாணை அங்குச் செல்லுபடியாகாது.

பாறையடுக்கின் பெயர் ஒரு குறிப்பிட்ட வெட்டுமுகத்தைச் சான்றாகக் கொண்டது. ஐயம் எழும்போது ஆய்வாளர் மீண்டும் சென்று பார்க்கவேண்டிய இடம் அதுவே. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்காக வெட்டப்படுகிறது. சுரங்கம் தோண்டியதால்தான் பல அடுக்குகள் கண்ணுக்குப் புலனாயின என்பதையும் மறுக்க இயலாது. ஆயினும் வெட்டும் பணி முன்னேற முன்னேறப் புலனானதும் மறைகிறது. 1987இல் கல்லமேட்டிலிருந்து விவரிக்கப்பட்ட பேருடல் தொன்மாவின் எலும்புகள் சிதைந்து, இன்று அச்சிட்ட விளக்கமும் படங்களுமே எஞ்சியுள்ளன. சுண்ணாம்புப் பாறைகளின் சான்று முகங்களைச் சுரங்க எல்லைக்குள்ளேயே சிறு பகுதிகளாக ஒதுக்கி, ஊர்ப்பெயரின் சரியான தமிழ் வடிவுடன் குறியிட்டு வைத்தல் இன்றும் இயலக்கூடியதே.