மேகநோயும் அச்சநோயும்

உடலைப் பற்றும் நோய்களுக்குச் சரித்திரம் உண்டு. அவற்றைப் பற்றிய அச்சத்திற்கும் அவ்வாறே ஒரு சரித்திரம் உண்டு. முன்னதை மருத்துவர் எழுதி வைத்துள்ளனர். பின்னதை எழுதுவார் அரியர். நம் தமிழ் வாலிபருள் பலர் நோயின்றியே நோயாளராய் நாள் கழிப்பதைக் கண்ணாரக் கண்டமையால், அவ்வச்சத்தின் வரலாற்றைச் சிங்கப்பூரை நடுவாக வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம். விஷயம் கூச்சத்திற்குரியது என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். கூச்சத்தால் மூடி வைத்தமையே இத்துன்பம் வளர்வதற்குக் காரணம் என்பது போகப் போக விளங்கும்.

ஜொகூரில் தோட்டமொன்றில் கணக்கெழுதும் நம்மிடம், ஆங்கிலக் கடிதங்களைப் படித்துக் காட்டுமாறு பலர் வருவதுண்டு. அவருள் ஒருவர் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை செய்யும் இளைஞர். மடித்து மடித்துக் கிழியும் நிலையிலிருந்த மூன்று தாள்களை நம்முன் வைத்தார். மூன்றும் எச்.ஐ.வி. இரத்தச் சோதனையின் முடிவுகள். மூன்றிலும் கிருமியில்லை என்றே எழுதியிருந்தது. ஏழு மாதங்களுக்கு முன் ஓரிரவு டெஸ்கர் ரோட்டுப் பக்கம் போய் வந்தாராம், ஆணுறை அணிந்திருந்தாராம், அது கிழியவுமில்லையாம். ஆயினும் அன்று முதல் உறக்கமில்லை. நாவில் வெண்மை படிந்தால் அதுதானோ என்றும், சளி பிடித்தால் அதுதானோ என்றும் நாளெல்லாம் தம்முடம்பைத் தாமே துருவிப் பார்த்து மெலிந்திருந்தார். ஊரில் பேசி வைத்த கலியாணத்தையும் காரணஞ் சொல்லாது தள்ளிப் போட்டுவிட்டார். “கிராணி ஐயா, இதில் வேறு ஏதாவது மறைத்து எழுதியிருக்கிறார்களா?” என்பதே அவர் கேட்ட கேள்வி.

இக்கேள்வி இன்று பிறந்ததன்று. மேகக்கிரந்தி என்னும் நோய் 1495-ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் பரவிய பொழுது, இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். கப்பலேறி இந்தியா வந்தபின் நம்மவர் அதற்குப் பறங்கிப் புண் என்று பெயரிட்டனர். ஆக, நோய் எங்கே சென்றாலும் அது அயலானுடையது, ஒழுக்கங் கெட்டவனுடையது என்னும் பழியும் உடன் சென்றது. நோய்க்குப் பயந்தவர் உண்மையில் பயந்தது அப்பழிக்கே. நோயில்லாதோரும் நோயுண்டென்று அஞ்சி அஞ்சி வாடுவதைக் கண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர், அவ்வச்சத்திற்கே தனியாக ஒரு பெயர் சூட்ட வேண்டியதாயிற்று.

சிங்கப்பூரை ஆண்ட வெள்ளையர் என்ன செய்தனர்? தொற்றுநோய்ச் சட்டமென ஒன்றை 1870-இல் இயற்றினர். அதன்படி விடுதிப் பெண்கள் பெயர் பதிந்து மருத்துவர் பார்வைக்கு வர வேண்டும். நோய் கண்டால் அடைத்து வைக்கப்படுவர். விடுதிக்குச் சென்ற ஆடவரை யாரும் அழைக்கவுமில்லை, பார்க்கவுமில்லை. நோயோ இருபாலார்க்கும் பொது. சட்டமோ ஒருபாலார்க்கே விலங்கு! நீதியற்ற இம்முறை 1880-களின் இறுதியில் கைவிடப்பட்டது. ஆனால் மருத்துவமனையை அடையாள அட்டையோடும் காவலோடும் சேர்த்து நினைக்கும் பழக்கம் மக்கள் மனத்தினின்றும் அவ்வளவு எளிதில் அகலவில்லை.

இதனிடையே விஞ்ஞானம் தன் வேலையைச் செய்தது. 1905-இல் மேகக்கிரந்தியின் கிருமி காணப்பட்டது. 1906-இல் வாசர்மன் என்னும் ஜெர்மானியர் இரத்தச் சோதனையை அமைத்தார். 1910-இல் எர்லிக்கின் மருந்து வந்தது. 1943-இல் பெனிசிலின் அந்நோயைத் தீர்க்குமென்று தெளியப்பட்டது. நோய் தீர வழி பிறந்தும் அச்சம் தீர்ந்ததா? இல்லை. நம் தமிழ்ப் பத்திரிகைகளின் பின்பக்கங்களில் “வாலிப வயதின் தவறுகளுக்கு” லேகியம் விற்றோர் விளம்பரங்கள் குறையவேயில்லை. நோயாளியினும் நோயுண்டென்று எண்ணுவோனே அவர்களுக்கு நல்ல வாடிக்கை. ஏனெனில் இல்லாத நோய் ஒருநாளும் குணமாகாது, லேகியமும் ஒருநாளும் நிற்காது.

அச்சம் தானே ஒரு கொள்ளைநோயாகப் பரவக்கூடும் என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. 1967-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், பன்றிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியை உண்டால் ஆண்குறி உடலுள் சுருங்கி மறைந்து உயிர் போய்விடும் என்று ஒரு வதந்தி கிளம்பிற்று. கோரோ என்பது அதன் பெயர். ஆடவர் குறியைக் கையாற் பற்றிக்கொண்டும், கயிறு கட்டிக்கொண்டும் மருத்துவமனைக்கு ஓடினர். பின்னர் ஆராய்ந்த மருத்துவர் குழு 469 பேரின் நிலையைத் தொகுத்தது. பெரும்பாலோர் சீனர், மலாய்க்காரரும் இந்தியரும் சிலர் இருந்தனர். ஒருவருக்கும் உறுப்பு மறையவில்லை, ஒருவரும் மாளவில்லை. ஆனால் அவர்கள் பட்ட வேதனை பொய்யன்று. நெஞ்சு படபடத்ததும் வியர்த்ததும் மெய்யே. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மருத்துவர்கள் தோன்றி, இஃது உடல்நோயன்று, அச்சமே என்று தெளிவாக எடுத்துரைத்தனர். சின்னாளில் அப்பெருங்கூட்டம் கலைந்தது. அதட்டலால் அடங்காத அச்சம் தெளிந்த பேச்சால் அடங்கிற்று என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

இனி எய்ட்ஸ் காலத்திற்கு வருவோம். 1981 ஜூனில் அமெரிக்காவில் முதற்செய்தி வெளிவந்தது. 1983-இல் பாரிசில் கிருமி காணப்பட்டது. 1985-இல் இரத்தச் சோதனை புழக்கத்திற்கு வந்தது. சிங்கப்பூரில் அக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டதும் அவ்வாண்டே. இந்தியாவிலோ, “நம் ஒழுக்கத்திற்கு அந்நோய் வாராது” என்று பெரியோர் பலர் பேசிக் கொண்டிருந்தனர். பறங்கிப் புண் என்று பெயரிட்ட அதே மனப்பான்மையன்றோ இது? அப்பேச்சை உடைத்தவர் இரு தமிழ்நாட்டுப் பெண்மணிகள். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனீதி சாலமன் தூண்ட, மாணவி நிர்மலா விடுதிப் பெண்களிடம் இரத்தம் எடுத்து, வேலூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்று சோதித்தார். 1986-இல் அறுவரிடம் கிருமி இருப்பது தெரிந்தது. ஒழுக்கப் பெருமை பேசிய நாட்டில் உண்மையைக் காட்டியது ஒரு மாணவியின் இரத்தக் குப்பியே!

சிங்கப்பூரில் மேகநோயாளர் நெடுங்காலம் நாடியது மிடில் ரோட்டு மருத்துவமனை. 1988-இல் அவ்வேலை தேக்காவுக்கு அண்மையில் ஜாலான் புசார் பக்கமுள்ள கிளாந்தான் லேனுக்கு மாறிற்று. அவ்வாண்டே எய்ட்ஸ் செயற்குழு என்னும் தொண்டர் சங்கமும் தோன்றிப் பின்னாளில் பெயர் கேளாமலே சோதிக்கும் முறையை நடத்தலாயிற்று. 1998-இல் பேடி சியூ என்பவர் தமக்கு இந்நோயுண்டென்று சிங்கப்பூரிலேயே முதன்முதலாக ஊரறிய உரைத்தார், மறுவருடம் மறைந்தார். ஒருவர் வாய்திறக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின என்றால் பழியின் பாரம் எத்தகையது!

அச்சத்திற்கு ஆதாரமே இல்லை என்று நாம் கூறவில்லை. கிருமி கண்டால் வேலை அனுமதி பறிபோகும் என்னும் அச்சம் அயல்நாட்டுத் தொழிலாளிக்கு உண்மையான அச்சம். 2015-இல் குறுங்கால வருகையாளர் மீதிருந்த தடை நீங்கிய பொழுதும், நெடுங்கால அனுமதிக்குரிய விதி நீங்கவில்லை. 2019-இல் 14,200 பேருடைய பதிவுகள் களவாக வெளியிடப்பட்ட செய்தி வந்தது. இரகசியம் காக்கப்படுமா என்னும் ஐயத்தை அஃது ஆழமாக்கிற்று. எனவே அந்த இளைஞர் அஞ்சியதிற் பாதி கிருமிக்கு. மறுபாதி ஊருக்கும் சட்டத்திற்கும்.

கிருமியைப் பற்றிய பாதிக்கு விடை எளிது. அது இரத்தத்தாலும், விந்தாலும், பெண்ணுறுப்பு நீராலும், தாய்ப்பாலாலும் பரவும். எச்சிலாலும், வியர்வையாலும், கொசுவாலும், ஒரே கோப்பையிற் குடிப்பதாலும் பரவாது. கிழியாத ஆணுறை இருந்தால் ஆபத்து மிகச் சிறிது. உறையின்றியே கிருமியுள்ள பெண்ணோடு ஒருமுறை கூடிய ஆடவனுக்கும், அமெரிக்க அரசாங்க மருத்துவர் கணக்கின்படி, பதினாயிரம் கூட்டத்திற்கு ஏறக்குறைய 4 முறையே தொற்றுகின்றது. இதைச் சொல்வது அலட்சியத்திற்கு அனுமதியன்று; மற்ற மேகநோய்கள் இதனினும் எளிதில் ஒட்டும். உண்மையில் ஆபத்து நேர்ந்திருந்தால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரை அடைந்து 28 நாள் மருந்துண்ணலாம். புதுமுறை ஆய்வுக்கூடச் சோதனை 45 நாளில் உண்மை காட்டும். எந்தச் சோதனையாயினும் மூன்று மாதம் கடந்தபின் இல்லையென்றால் இல்லையே. கிருமி இருப்பதாகவே தெரியினும், முறையாக மருந்துண்டு இரத்தத்தில் அது காணப்படாத அளவுக்கு அடங்கியவர் கூடுவோர்க்கு அதைக் கொடுப்பதில்லை, நெடுநாள் வாழ்கின்றார்.

இவற்றையெல்லாம் அவ்விளைஞருக்குத் தமிழில் ஒவ்வொன்றாய் விளக்கினோம். மூன்று தாள்களின் தேதியையும் அவ்விரவின் தேதியையும் நாட்காட்டியில் வைத்து எண்ணிக் காட்டினோம். கடைசித் தாள் நூற்றுப் பத்து நாள் கழிந்து எழுதப்பட்டது. அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை” என்றார். எண்ணிக் காட்டியும் உறக்கம் வாராவிட்டால் நான்காம் சோதனைக்குப் போகாமல், மன அச்சத்திற்கு மருத்துவம் செய்வாரிடம் போகுமாறு சொல்லியனுப்பினோம். அதுவும் நோயே, அதற்கும் மருந்துண்டு.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழ்மக்களே! நம் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்கும் மாலை மரியாதைக்கும் செலவிடும் பொழுதில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாகாதா? ஒரு மருத்துவரை அழைத்து, ஆணும் பெண்ணும் கூடியிருக்க, தமிழிலேயே இதைப் பேசச் செய்யலாகாதா? வீட்டுப் பெரியோர், தவறிய பிள்ளையைத் துரத்துமுன் அவன் சொல்வதைக் கேட்கலாகாதா? பிள்ளை பெரியோரிடம் வாய்திறக்க முடிந்தால், லேகியக்காரனிடம் போகான். மூன்று தாள்களைச் சட்டைப்பையில் ஏழு மாதம் சுமந்து திரியவும் மாட்டான்.